ஐந்தாவது கட்டம்

எங்கள் டன்ஹாம் கவுண்டியில் யாரை வேண்டுமானாலும் பிடித்து உள்ளே போடும் அதிகாரம் ஷெரீஃப்புக்கு உண்டு. அந்த ஷெரீஃப்பையே பிடித்து உள்ளே போடும் அதிகாரம் ஒரே ஓர் ஆளுக்குத்தான். அந்த ஆள் பிணத்தைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கோட்டு மாட்டி, பெட்டியில் வைக்கிறவன். பெயர் ஆர்லன் டீட்ஸ். நான்தான்.

இண்டியானாவில் சட்டம் அப்படி. கவுண்டிக்குள் யாராவது சந்தேகப்படும்படி செத்தால், எதனால் செத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கொரோனர் என்று ஒருவன் வேண்டும். அதற்கும் தேர்தல் உண்டு, நிற்கத்தான் ஆள் கிடையாது. டாக்டர்களுக்கு நேரமில்லை, மற்றவர்களுக்கு மனசில்லை. கடைசியில் அடக்க நிலையம் வைத்திருக்கிறவன் தலையில் வந்து விழும். என் அப்பா தலையில் விழுந்தது, பிறகு என் தலையில். சட்டப் புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஷெரீஃப் மேல் வாரண்ட் வந்தால் கொரோனர்தான் நிறைவேற்ற வேண்டும், ஷெரீஃப் உள்ளே இருக்கும் வரை அவர் வேலையையும் கொரோனரே பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி இருக்கிறது. எழுதி வைத்த புண்ணியவான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

ரோலின் மெஸ்மர் ஷெரீஃப் ஆனதிலிருந்து அந்த இரண்டு வரி ஊருக்குப் பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கூடைப்பந்து அணி. அவன் பந்தைக் கூடையில் போடுவான், நான் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு நீட்டுவேன். செவ்வாய்க்கிழமை சீட்டாட்டத்தில் நான் ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டால் போதும், எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுவான். "பாத்துக்கங்கடா, இவன்கிட்ட மட்டும் நான் பணிவாத்தான் இருப்பேன். என்னைத் தூக்கி உள்ள வைக்கிற ஒரே ஆம்பள இவன்தான்!" எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ரோலின் முதல் தேர்தலில் ஜெயித்தது ஒரு மரக்கோலால். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் சிறைக்குள் யாரோ மாத்திரை கடத்திக் கொடுத்து ஒரு பெண் செத்துப் போயிருந்தாள். ரோலின் மூன்றடி அளவுகோல்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்தான். 'என் சிறைக்குள் ஒரு மாத்திரை நுழையாது. மெஸ்மரை ஷெரீஃப் ஆக்குங்கள்.' சந்தையிலும் ஊர்வலத்திலும் தேவாலய வாசலிலும் நின்று வீட்டுக்கு ஒன்று கொடுத்தான். எதிராளி சீப்பு கொடுத்தான், தோற்றான். சொன்னதைச் செய்யாத தலைவர்களால் ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் சாகிறார்கள். ட்ராவிஸ் பிக்ஸ்லர் சொன்னதைச் செய்தவனால் செத்தான்.

ட்ராவிஸுக்கு இருபத்தாறு வயது. வான்கோழி அறுக்கும் ஆலையில் வேலை. லைசன்ஸ் ரத்தானபின் வண்டி ஓட்டியதாக ஒரு வழக்கு, அதற்குக் கோர்ட்டுக்கு வராததாக இன்னொன்று. எங்கள் நாட்டில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை அவனைப் பிடித்து வைத்தார்கள். ஒன்பது வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாத வகை. சிறைக்கு நர்ஸ் வருவது திங்களும் வியாழனும் மட்டும். அந்தத் திங்கள் விடுமுறை.

அவன் அம்மா லவோன் சனிக்கிழமையே இன்சுலினைக் கொண்டுவந்தாள். மகன் வேலைக்குக் கொண்டு போகும் சாப்பாட்டுப் பையில் ஐஸ் போட்டு, மருந்துக் கடைச் சீட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சிறைக் கவுண்டரில் நின்றாள். வெளி மருந்து உள்ளே வராது என்று அனுப்பிவிட்டார்கள். ஞாயிறும் வந்தாள். திங்கள் வந்தபோது ரோலினே கவுண்டரில் இருந்தான், தொழிலாளர் தின ஊர்வலத்திலிருந்து நேராக வந்தவன்.

"லவோன், உனக்காக நான் விதியை வளைச்சேன்னு வையி, நாளைக்கு ஊரே பையைத் தூக்கிட்டு வந்து நிக்கும்," என்றானாம். "வியாழக்கிழமை நர்ஸ் வர்றாங்க. அதுவரைக்கும் நல்லா தண்ணி குடிக்கட்டும்."

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்க மாட்டான் ரோலின். நீயே உள்ள போய்ப் பாரு, வாந்தி எடுக்கிறானாம்."

"உள்ள வர்றவங்க எல்லாரும்தான் எடுக்கிறாங்க. போதை எறங்கினா அப்படித்தான்."

சிறைப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. போதை இறங்குகிறது, போதை இறங்குகிறது என்று நான்கு பேர் கையெழுத்தில் ஒன்பது முறை. புதன்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாகப் பிணம் பார்க்கிறவன் நான். அந்தப் பையனின் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய ஊரில் உடலைத் திறந்து பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். ஒரு துளி போதை மருந்து இல்லை. ஊசி போடாததால் ரத்தமே விஷமாகிப் போயிருந்தது.

இறப்புச் சான்றிதழில் எப்படிச் செத்தார் என்பதற்கு ஐந்து கட்டங்கள் உண்டு. இயற்கை, விபத்து, தற்கொலை, பிறரால், தீர்மானிக்க இயலவில்லை. ஏதாவது ஒன்றில் கொரோனர் குறி போட வேண்டும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகுமா, போகாதா என்பதெல்லாம் அந்தக் குறியில்தான் தொடங்கும்.

லவோன் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஊர்ல எல்லாரும் அவன் போதைக்காரன், தானா செத்தான்னு பேசுறாங்க மிஸ்டர் டீட்ஸ். பேசட்டும். பேப்பர்ல மட்டும் அப்படி எழுதிடாதீங்க. மூணு நாள் நான் மருந்தை வச்சுக்கிட்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அது எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருக்கணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பணம் கேட்கவில்லை, பழி கேட்கவில்லை.

சாயங்காலம் ரோலின் வந்தான். வாடிக்கையாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல் பெட்டிகள் வைத்திருக்கும் அறை வாசலில் சாய்ந்து நின்றான்.

"இயற்கைன்னு போட்டுருடா. சர்க்கரை வியாதி இயற்கைதானே? நான் என்ன அவன் கழுத்தையா நெரிச்சேன்?"

"மருந்து கதவுகிட்ட வந்து நின்னுச்சு ரோலின். மூணு தடவை."

"அந்தக் கதவுல மருந்தை உள்ள விடாதேன்னுதான் இந்த ஊரு எனக்கு ஓட்டுப் போட்டுச்சு. நீயும் போட்டே."

போட்டேன். ஆனாலும் அன்று நான்காம் கட்டத்தில், 'பிறரால்' என்பதற்கு எதிரே, குறி போட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பெருமையாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக பெஞ்சிலிருந்து எழுந்து பந்தைத் தொட்டதுபோல இருந்தது. சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்ட லவோன் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே வாசல் வரை போனாள்.

உள்ளூர் அரசு வக்கீல், ரோலின் தனக்கு மைத்துனன் முறை என்று விலகிக்கொண்டார். பக்கத்துக் கவுண்டியிலிருந்து ஒரு வக்கீலை நியமித்தார்கள். அவர் சான்றிதழைப் பார்த்தார், வழக்குப் போட்டார், நீதிபதி வாரண்டில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தீயணைப்பு நிலையத்தில் லயன்ஸ் சங்கத்தின் மீன் விருந்து. ரோலின் சீருடைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வரிசையில் வந்தவர்களுக்கு மீன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நான் தட்டில்லாமல் வரிசையில் நின்று அவன் முன்னால் போய்ச் சேர்ந்தேன். தாளைப் பிரித்து வாசித்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள்! நான்கு வருஷத்து வேடிக்கையை மேடையேற்றுகிறோம், தேர்தல் பிரச்சாரம் என்று நினைத்துவிட்டார்கள். "விடாதே ஆர்லன், பெட்டில போட்டு மூடு!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கிழவி போட்டோ எடுத்தாள். ரோலின் மட்டும் சிரிக்கவில்லை. ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தான். அப்போதுதான் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை.

என்னிடம் விலங்கும் இல்லை, போலீஸ் வண்டியும் இல்லை. பிண வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டே கேட்டான்: "பின்னாடி காலியாடா?"

"காலிதான்."

"அதுவரைக்கும் நல்லது."

ஜாமீன் கட்டினால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்திருக்கலாம். ஆனால் ரோலின் கெட்டிக்காரன். ஜாமீன் வேண்டாம், தேர்தல் வரை உள்ளேயே இருக்கிறேன் என்றுவிட்டான். மற்ற கைதிகளோடு வைத்தால் அடித்துவிடுவார்கள் என்று கவுண்டருக்கு எதிரே இருந்த தனி அறையில் வைத்தோம். மறுநாளே ஊர் திரண்டுவிட்டது. சுட்ட ஆப்பிள் பலகாரமும் பெர்சிமன் பழப் புட்டிங்குமாகக் கவுண்டரில் குவிந்தது. வெளி மருந்துக்குத்தானே தடை, பலகாரத்துக்கு இல்லையே! 'ரோலினை விடு' என்று வீட்டுக்கு வீடு முற்றத்தில் பலகை நட்டார்கள். எனக்கு எதிராக யாரும் நிற்காததால் என்னைத் தோற்கடிக்க முடியாமல், என் கடைக் கண்ணாடியில் முட்டை அடித்துத் திருப்திப்பட்டார்கள்.

அவன் உள்ளே, நான் அவன் நாற்காலியில். ஷெரீஃப் வேலை என்றால் துப்பாக்கியும் தொப்பியும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தாளைக் கைக்குழந்தைக்காரியிடம் நீட்டுவது, விவாகரத்துத் தாளைக் கணவனின் ஆலை வாசலில் காத்திருந்து கொடுப்பது, கோர்ட்டில் நீதிபதி வரும்போது எழுந்து நிற்கச் சொல்லிக் கூவுவது, மதத்துக்காகக் காரையே தொடாத ஆமிஷ்காரரின், நெடுஞ்சாலையில் ஓடிவிட்ட வண்டிக் குதிரையைத் துரத்துவது, சித்தம் கலங்கியவளை நூற்றிருபது மைல் ஓட்டிப் போய் ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றதும் திரும்பக் கூட்டி வருவது. இதற்கெல்லாம் நடுவே எழுபத்தொரு கைதிகளுக்கு மூன்று வேளைச் சோறு, குளியல், சண்டை, காய்ச்சல். எதற்கும் ஆள் போதாது. எது கெட்டாலும் பொறுப்பு ஒருவனுக்கு.

ரோலின் கம்பிக்குப் பின்னாலிருந்து எனக்குப் பாடம் நடத்துவான். "டேய், அந்த மஞ்சள் தாளை அஞ்சு நாளுக்குள்ள குடுக்கணும், இல்லாட்டி நீதிபதி உன் தோலை உரிச்சிடுவாரு." "மூணாம் அறைக்காரன் சாப்பிடலேன்னா பெவ்கிட்ட சொல்லு, அவ பேசினா சாப்பிடுவான்." பெவ் என்பது கவுண்டரில் இருக்கும் சிறைக்காவலர். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், கொலைகாரனையும். ரோலின் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. நடுப்பகலில் ஷீனா என்ற பெண் வந்தாள். அவள் கணவன் நோலனைக் குடித்துவிட்டு ரகளை செய்ததற்காக முந்தைய நாள் பிடித்து வைத்திருந்தோம். கையில் ஒரு மாத்திரைக் குப்பி. அவனுக்கு வலிப்பு உண்டு, தினமும் இரண்டு வேளை போட வேண்டும், ஏற்கெனவே இரண்டு வேளை தவறிவிட்டது என்றாள்.

பெவ் என்னைப் பார்த்தாள். "உன் இஷ்டம் கண்ணு. ஆனா போன வாரம்தான் போதை மாத்திரையை பைபிள் அட்டைக்குள்ள வச்சு அனுப்பினாங்க. இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கொடுத்து ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்."

ரோலின் மாதிரி துரத்திவிட நான் என்ன அவனா? "குடுங்கம்மா. டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு நானே என் கையால கொடுக்கிறேன்," என்றேன். ஷீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வந்ததால தப்பிச்சோம். அந்த ஆள் இருந்திருந்தா…" என்று எதிர் அறையைப் பார்த்தாள். ரோலின் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். குப்பியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடலாம் என்று இருந்தேன்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நெடுஞ்சாலையில் தானிய லாரி ஒன்று காரின் மேல் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. காரில் இருவர் இறந்துவிட்டார்கள், கொரோனர் வர வேண்டும். இந்தக் கவுண்டிக்குக் கொரோனரும் நான்தானே. சாவி என் பாக்கெட்டில் கிடக்க, கிளம்பிவிட்டேன். இறந்தவர்களிடம் நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. அடையாளம் பார்த்து, வரைபடம் போட்டு, குடும்பத்துக்குச் சொல்லி, இரண்டு உடல்களையும் என் இடத்தில் சேர்த்துத் திரும்ப ஐந்து மணி நேரமாயிற்று. அந்த ஐந்து மணி நேரத்தில் குப்பி ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்திருந்தால் இங்கே அதைச் சொல்லிக்கொள்வேன். வரவில்லை.

சிறைக் கதவைத் திறக்கும்போதே ரோலினின் குரல் கேட்டது. அவன் அறை திறந்து கிடந்தது. பொது அறைக்குள், தரையில், அவன் மண்டியிட்டிருந்தான். நோலனின் தலை அவன் மடியில், பக்கவாட்டில் திருப்பி, வாயில் நுரை வழிய வழிய. முதலில் சத்தத்தைக் கேட்டவன் ரோலின்தானாம். கம்பியை உலுக்கிக் கத்தி, பெவ்வைத் திறக்கச் சொல்லி ஓடியிருக்கிறான். அதற்குள் மூன்று தடவை வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் இருந்தது.

"மாத்திரை எங்கடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

நான் பாக்கெட்டில் சாவியைத் தொட்டேன்.

நோலன் பிழைத்துவிட்டான். இரண்டு நாள் பேச்சு வராமல் கிடந்து, பிறகு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்த அன்று ரோலினின் அறை முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பெவ்தான் அவனை வெளியே விட்டாள், அவள்தான் திரும்பப் பூட்டினாள். அவனே நடந்து போய் உள்ளே உட்கார்ந்தானாம்.

"இதுக்கு எந்தக் கட்டம்டா?" என்றான்.

"அவன் சாகலையே."

"அது உன் சாமர்த்தியமா?"

அவனே தொடர்ந்தான்.

"நான் மருந்தைத் திருப்பி அனுப்பினேன். நீ வாங்கி வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டே. அந்தப் பொண்ணு உன் கையைப் புடிச்சுக் கும்பிட்டுட்டுப் போச்சு. என்னையாவது திட்டிட்டுப் போனாங்க." குரலில் கோபம்கூட இல்லை. "என்னால ராத்திரி தூங்க முடியல ஆர்லன், அந்தப் பையன் செத்ததிலேர்ந்து. அதை உன்கிட்ட சொன்னா நடிக்கிறேன்னுவே. இப்போ நீயும் தூங்க மாட்டே. இப்போ சொல்லலாம்."

"என்ன செய்யச் சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல. குப்பி எங்க இருந்துச்சுன்னு ஷீனாவுக்குத் தெரியாது. பெவ் சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். ஆனா என் வழக்கு கோர்ட்டுக்கு வந்தா உன்னைக் கூண்டுல ஏத்துவாங்க. கொரோனர் சார், நீங்க ஷெரீஃப்பா இருந்தப்போ எப்படி நடந்துச்சுன்னு என் வக்கீல் கேட்பாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசி."

மிரட்டல்தான் அது. அதே சமயம் உண்மையும்தான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் எதற்குப் பயந்தோம் என்று நாமே சொல்ல முடியாது. ஒரே செயலை அவன் செய்தால் குற்றம், நான் செய்தால் மறதியா, இவன் மேல் குறி போட எனக்கு என்ன யோக்கியதை என்றெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். நியாயவான் போலத்தான் பேசினேன். உள்ளே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூண்டில் நின்று அந்த இழுப்பறையைப் பற்றி என் ஊர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் காலை திருத்தப் படிவத்தை எடுத்தேன். நான்காம் கட்டத்தை அடித்துவிட்டு ஐந்தாம் கட்டத்தில் குறி போட்டேன். தீர்மானிக்க இயலவில்லை. கையெழுத்துப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பக்கத்துக் கவுண்டி வக்கீல் எனக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நெஜமாவா?" ஆமாம் என்றேன். வைத்துவிட்டார். இரண்டு நாளில் வழக்கைக் கைவிட்டார்கள். ரோலின் வெளியே வந்தபோது தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். நூற்றுக்கு எழுபத்து மூன்று பேர் அவனுக்கு ஓட்டுப் போட்டார்கள். எதிரியே இல்லாத நான் அவனைவிட அதிக ஓட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை சீட்டாட்டத்துக்கு ஆள் அனுப்பினான். நான் போகவில்லை. நியாயம் சொல்ல வேண்டுமென்றால் அவன் ஒன்று செய்தான். சிறைக்கு தினமும் நர்ஸ் வேண்டும் என்று கவுண்டி சபையில் கேட்டான். சபை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது.

தேர்தல் முடிந்த மறுவாரம் லவோன் வந்தாள். மகனின் பேங்க் கணக்கை மூடவும் பழைய டிரக்கைத் தன் பெயருக்கு மாற்றவும் சான்றிதழின் முத்திரை நகல்கள் தேவைப்பட்டன. அவள் வருவாள் என்று தெரியும். உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவாள் என்று ஒரு நப்பாசை. நின்றபடியே உறையைப் பிரித்தாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இது வேற பேப்பரு."

"திருத்தியிருக்கேன் லவோன்."

"ரோலின் சொன்னானா?"

"இல்ல. யாரும் சொல்லல."

உட்கார்ந்தாள். "கேஸை விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. வக்கீலுங்க கதை நமக்கென்ன தெரியும்னு இருந்தேன். பேப்பரு இருக்கே, அதுல மிஸ்டர் டீட்ஸ் எழுதியிருக்காரே, அதை யாரும் அழிக்க முடியாதுன்னு இருந்தேன்." தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். "உங்களுக்கு இப்போ தெரியலையா? எம்புள்ள எப்படிச் செத்தான்னு உங்களால சொல்ல முடியலையா?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஷீனாவின் குப்பி, இழுப்பறை, லாரி, ஐந்து மணி நேரம், ரோலின் மடியில் கிடந்த தலை. யாரிடமும் சொல்லாததை, சொல்லவே கூடாத ஒருத்தியிடம் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் புரிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பாவம் இந்த மனுஷனும் என்ன செய்வான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவன் செஞ்சதையேதான் நானும் செஞ்சேன், லவோன். அப்புறம் அவன் மேல மட்டும் எப்படி எழுதுறது?"

அவள் கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அப்போ அந்த ஜெயில் அறையில ரெண்டு பேரு இருந்திருக்கணும் மிஸ்டர் டீட்ஸ். நீங்க உள்ள இருந்த ஒருத்தனையும் தொறந்து விட்டுட்டீங்க."

தாள்களை மடித்து உறைக்குள் வைத்தாள். அதை என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. பேங்க்கில் கேட்பார்கள், அவளுக்கு அது வேண்டும்.